ஓலைச்சுவடி மின்படிமமாக்கமும் தொழில்நுட்ப உட்கட்டமைப்புத் திட்டமிடலும்: மூலபாட ஆய்வு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஓலைச்சுவடிகளை மின்படிமங்களாக்கும் பணியில் கேமரா, ஒளியமைப்பு, கோப்பு வடிவம், சேமிப்பகம் ஆகியவற்றைத் தெரிவு செய்வது பெரும்பாலும் தொழில்நுட்பப் பணியாளரின் பொறுப்பாகவே கருதப்படுகிறது. ஓலையில் உள்ள ஒரு புள்ளி எழுதியவர் இட்டதா, பூச்சி துளைத்ததா என்பதைப் படத்தைக் கொண்டு பிற்காலப் பதிப்பாசிரியர் தீர்மானிக்க முடியுமா முடியாதா என்பது இத்தெரிவுகளாலேயே அமைகிறது. ஆகவே இவை மூலபாட ஆய்வின் முதற்படி என்றும், சுவடி வாசிக்கத் தெரிந்தவர் திட்டமிடும் நிலையிலேயே பங்கேற்க வேண்டும் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. அதற்குரிய ஒரு வாசிப்புச் சோதனை முறையையும் சேமிப்பகக் கணக்கையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஓலைச்சுவடி, மின்படிமம், மூலபாட ஆய்வு, புள்ளி, சாய்வொளி, சேமிப்பகம், ஒருங்குறி.

முன்னுரை

தமிழ் நூல்கள் ஓலையிலிருந்து அச்சுக்கு மாறிய காலத்தில் ஆறுமுக நாவலர், சி.வை. தாமோதரம் பிள்ளை, உ.வே. சாமிநாதையர் முதலியோர் ஒவ்வொரு சுவடியையும் கையில் ஏந்தி வாசித்தனர். ஐயம் எழுந்த இடத்தில் ஏட்டைச் சாய்த்தும் திருப்பியும் வெளிச்சத்தில் பிடித்தும் பார்க்க அவர்களால் இயன்றது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைத் தொகுத்தார். அன்று பயன்பட்ட சுவடிகள் பலவற்றின் நிலை இன்று வேறு. ஏடு அழிந்த இடத்தில் பதிப்பாசிரியர் குறித்து வைத்தது மட்டுமே சான்றாக நிற்கிறது. அவர் குறிக்காமல் விட்டதை மீட்க வழியில்லை.

மின்படிமமும் அத்தகைய இறுதிச் சான்றாக நிற்கக்கூடியது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம், தமிழ்ப் பல்கலைக்கழகம், உ.வே.சா. நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் சுவடிகள் பேணப்படுகின்றன. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடித் தொகுப்பை 2005இல் யுனெசுகோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. இந்திய அரசின் தேசியச் சுவடிகள் இயக்கம் 2003இலும், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம் 2004இலும் தொடங்கின. எனினும் ஊர்ப்புறத்து வீடுகளிலும் மடங்களிலும் சித்த மருத்துவக் குடும்பங்களிலும் உள்ள கட்டுகள் எண்ணற்றவை. இவற்றைப் படமெடுக்க ஒரு கல்லூரித் தமிழ்த்துறையோ சிறிய அறக்கட்டளையோ முன்வரும்போது, ஒரு வீட்டுக்கு ஒருமுறைதான் செல்ல முடிகிறது. இரண்டாம் முறை செல்லும்போது ஏடு அங்கே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. எனவே முதன்முறையிலேயே எவ்வாறு எடுக்க வேண்டும் என்பது ஆராயத்தக்கது.

ஏட்டின் இயல்பும் எழுத்தின் இயல்பும்

திட்டத்தைக் கேமராவின் விலைப்பட்டியலிலிருந்து தொடங்கும் வழக்கம் பரவலாக உள்ளது. ஏட்டிலிருந்து தொடங்குவதே முறை. பனையோலையிலும் தாளிப்பனையோலையிலும் எழுத்து மையால் தீட்டப்படுவதில்லை, எழுத்தாணியால் கீறப்படுகிறது. கீறிய பள்ளத்தில் விளக்குக்கரியோ இலைச்சாறு கலந்த கரியோ தேய்க்கும்போதுதான் எழுத்து கண்ணுக்குப் புலனாகிறது. ஆக ஏட்டெழுத்துக்கு இரு இருப்புகள் உள்ளன: ஒன்று பள்ளம், மற்றொன்று கறுப்பு. மை பூசப்படாத ஏட்டிலும், மை உதிர்ந்துபோன ஏட்டிலும் பள்ளம் மட்டுமே எஞ்சியிருக்கும். அச்சுத்தாளுக்கும் காகிதக் கையெழுத்துப் படிக்கும் வகுக்கப்பட்ட படமெடுப்பு நெறிமுறைகள் கறுப்பை மட்டுமே எண்ணத்தில் கொண்டவை. அவற்றை அப்படியே ஓலைக்குப் பொருத்தினால் பள்ளம் விடுபட்டுப் போகும்.

எழுத்து முறையின் இயல்பு இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகிறது. மெய்யெழுத்தும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஓலையில் எழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் இடாமல் விட்டனர். ஓலை கிழியும் என்ற அச்சம் இதற்குக் காரணமாக வழக்கமாகச் சொல்லப்படுகிறது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் இன்று நாம் காணும் வேறுபாடு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தோடு தொடர்புடையது. காலும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. ‘எரி’ என்பதும் ‘ஏரி’ என்பதும் பழஞ்சுவடியில் ஒன்றுபோலவே தோன்றும். எகரத்தின் மேல் புள்ளி இருந்தால் மட்டுமே அது நெருப்பு என்று துணியலாம். அந்தப் புள்ளி எழுத்தாணியின் குத்தா, பூச்சி இட்ட துளையா என்று படத்தில் வேறுபடுத்த முடியவில்லையெனில், அந்த இடத்தில் நெருப்பையோ நீரையோ பதிப்பாசிரியர் ஊகத்தால் மட்டுமே தெரிவு செய்ய நேரும்.

ஏட்டின் கீழே விரிக்கும் துணியின் நிறத்தைக்கூட இக்கேள்வி தொடுகிறது. இக்கட்டுரையாளர் தம் ஆய்வுக்காக வாசித்த ஒரு படத்தொகுப்பில் ஏடுகள் அனைத்தும் கறுப்புத் துணியின் மேல் வைத்து எடுக்கப்பட்டிருந்தன. பார்வைக்கு அழகாகவே இருந்தன. ஆனால் ஓலையில் விழுந்த ஒவ்வொரு துளையின் வழியாகவும் கீழேயிருந்த கறுப்பு தெரிந்தது. துளையும் மையும் ஒரே நிறமாயின. நீலம், பச்சை போன்று ஓலையிலும் மையிலும் இல்லாத நிறமுள்ள, ஒளியைத் திருப்பி வீசாத விரிப்பைப் பயன்படுத்தியிருந்தால் துளை அந்நிறத்தில் தெரிந்து தன்னைக் காட்டிக் கொடுத்திருக்கும். செலவு ஒரு முழம் துணிதான். இருப்பினும் சுவடி வாசிப்பவர் யாரும் உடனில்லாதபோது அக்கேள்வியை எழுப்புவதற்கும் ஆளில்லை.

தெளிவுத்திறனைக் கணித்தல்

ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் வேண்டும் என்ற கேள்விக்கு 300 என்றோ 600 என்றோ மரபாக ஒரு விடை சொல்லப்படுகிறது. கார்னெல் பல்கலைக்கழக நூலகத்தில் ஆன் கென்னியும் உடன் பணியாற்றியோரும் வகுத்த வாய்பாடு இதனைக் கணக்காக மாற்றியது. பலநிறத் திண்மை கொண்ட படத்துக்கு, வேண்டிய தர எண்ணை 2ஆல் பெருக்கி, அதனை மிகச் சிறிய எழுத்தின் மில்லிமீட்டர் உயரத்தோடு 0.039 பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். உயர்தரத்துக்கு எண் 8. எழுத்தின் உயரம் 1 மில்லிமீட்டரெனில் விடை ஏறத்தாழ 410 பிக்சல் ஆகும். இது உரோமன் சிற்றெழுத்தை அளவாகக் கொண்டு, அச்சிட்ட தாளை எண்ணத்தில் வைத்து அமைந்தது. தமிழ் ஏட்டில் எழுத்தின் உயரம் பெரும்பாலும் 1 மில்லிமீட்டரை விட மிகுதி. ஆகவே வாய்பாட்டின்படி 300 பிக்சலே போதும் என்று தோன்றும்.

அது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. தமிழேட்டில் பொருளை வேறாக்கும் மிகச் சிறிய உறுப்பு எழுத்தன்று, கீற்றும் புள்ளியுமே. கீற்றின் அகலம் 0.2 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அங்குலத்துக்கு 300 பிக்சலெனில் ஒரு மில்லிமீட்டருக்கு 11.8 பிக்சல், கீற்றின் குறுக்கே 2.4 பிக்சல் மட்டுமே விழும். 400 எனில் 3.1 பிக்சல், 600 எனில் 4.7 பிக்சல். ஒரு புள்ளியின் விளிம்பு வட்டமா, கிழிசலா, ஒரு பக்கம் பிசிறு எழுந்துள்ளதா என்று காண்பதற்கு இரண்டு பிக்சல் எவ்வகையிலும் போதாது.

மேலும் இவையெல்லாம் பெயரளவுக் கணக்குகள். வில்லையின் குறைபாடு, சிறு அதிர்வு, குவியம் தவறுதல் ஆகியவற்றால் உண்மையில் கிடைக்கும் தெளிவு இதனினும் குறையும். வளைந்தும் அலைபோல் நெளிந்தும் கிடக்கும் ஏட்டில் நடுப்பகுதி கூர்மையாகவும் முனைகள் மங்கியும் பதிவது பொதுவான குறை. கண்ணாடியை வைத்து அழுத்தினால் இது தீரும். ஆனால் உலர்ந்த ஏடு ஒடியும். சமதள வருடியிலும் இதே இடர்ப்பாடு உண்டு. அதன் ஒளி எப்போதும் ஒரே திசையிலிருந்து வருவதால் பள்ளத்தைக் காட்டும் உரிமை நம்மிடம் இருப்பதில்லை. நிலைச்சட்டத்தில் பொருத்திய கேமரா, சிறிய திறப்பு, மிகுதியான ஒளி, கேமராவைத் தொடாமல் கணினி வழியே இயக்குதல் ஆகியவையே ஓலைக்கு ஏற்றவை.

ஒரு கணக்கு: 8,256 × 5,504 பிக்சல் கொண்ட கேமராவின் சட்டகத்தை 45 × 30 சென்டிமீட்டர் பரப்புக்குப் பொருத்தினால் அங்குலத்துக்கு 466 பிக்சல் கிடைக்கும். 40 சென்டிமீட்டர் நீளமும் 3.5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஏடுகள் ஐந்தினை அச்சட்டகத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கலாம்; அளவுகோலுக்கும் நிற அட்டைக்கும் இடமிருக்கும். ஏட்டின் நீளமே தெளிவுத்திறனை வரையறுப்பதால், ஒரே ஏட்டை வைத்து எடுத்தாலும் ஐந்தை வைத்து எடுத்தாலும் தெளிவு மாறாது; வேகம் மட்டும் ஐந்து மடங்காகும். 600 பிக்சல் வேண்டுமெனில் ஏட்டை இரு பகுதிகளாக எடுத்து இணைக்க வேண்டும். உழைப்பு இரட்டிப்பதோடு, இணைப்பு விழும் இடத்தில் எழுத்து சிதையும் வாய்ப்பும் உண்டு. எது தகும் என்பதை வாய்பாடு சொல்லாது. வாசித்துப் பார்த்தே அறிய முடியும்.

வாசிப்புச் சோதனை

எனவே கருவிகளை வாங்குவதற்கு முன்பு, வாடகைக் கருவியைக் கொண்டேனும், ஒரு சோதனை நடத்த வேண்டும் என்று இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. தொகுப்பிலிருந்து பத்து அல்லது பன்னிரண்டு ஏடுகளை எடுத்துக்கொள்க. நல்ல ஏடுகளை அன்று. மை உதிர்ந்தவை, கறுத்தவை, பூச்சி அரித்தவை, மிகப் பொடியாக எழுதப்பட்டவை ஆகியவற்றையே தெரிவு செய்ய வேண்டும். அவற்றை இரண்டு மூன்று தெளிவுத்திறன்களிலும் ஒளியமைப்புகளிலும் படமெடுக்க வேண்டும். சுவடிப் பயிற்சியுள்ள இருவர், ஒருவர் எழுதியதை மற்றவர் காணாமல், படத்தை மட்டும் பார்த்துப் பெயர்த்தெழுத வேண்டும். புள்ளி உள்ள இடத்தையும் ஐயமான இடத்தையும் தனிக்குறியிட்டுக் காட்ட வேண்டும். பிறகு அவர்களே ஏட்டை நேரில் பார்த்துத் தம் வாசிப்பைத் திருத்த வேண்டும்.

நேர்வாசிப்பினால் திருந்திய இடங்களின் எண்ணிக்கையே அப்படத்தின் குறையளவு. தெளிவுத்திறனை உயர்த்தியபோது இவ்வெண்ணிக்கை குறைந்தால் உயர்வு தகும், குறையாவிட்டால் வீண். ஒளியின் கோணத்தை மாற்றியபோது குறைந்தால், வன்தட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை விளக்குக்கு மாற்ற வேண்டும். இச்சோதனைக்கு நான்கைந்து நாள்களே ஆகும். அமெரிக்கக் கூட்டரசு நிறுவனங்களின் நட்சத்திரத் தரநிலைகளும், 2017இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 19264-1 தரநிலையும் நிறத்துல்லியம், ஒளிச்சீர்மை, கூர்மை ஆகியவற்றை அட்டைகளைக் கொண்டு அளக்கக் கற்றுத் தருகின்றன. அவையும் வேண்டியவையே. ஆனால் நான்கு நட்சத்திரம் பெற்ற படத்திலும் எகரத்தின் மேலுள்ள குத்து தெரியாமல் போகலாம். ஏனெனில் அட்டையில் பள்ளமில்லை.

ஒளியமைப்பு

மை தெளிவாக உள்ள ஏட்டுக்கு இருபுறமும் சமமாகப் பரவிய மென்மையான ஒளி போதும். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிய ஏடு பளபளக்கும். அந்தப் பளபளப்பில் எழுத்து மறையும். விளக்குக்கும் வில்லைக்கும் முனைவாக்க வடிகட்டி இட்டால் பளபளப்பு நீங்கும். ஆனால் பளபளப்பு நீங்கும்போது பள்ளத்தின் விளிம்பில் தெரியும் மினுக்கமும் சேர்ந்தே நீங்கிவிடுகிறது. மையற்ற ஏட்டுக்கு அம்மினுக்கமும் நிழலுமே எழுத்து. அங்கு ஒரு பக்கத்திலிருந்து தாழ்வான கோணத்தில் விழும் சாய்வொளி வேண்டும். விளக்கு ஏட்டின் நீளவாக்கில் இருக்கும்போது செங்குத்துக் கீற்றுகளும், அகலவாக்கில் இருக்கும்போது கிடைக்கீற்றுகளும் நிழல் பெறும்.

ஆகவே ஒரே ஒளியமைப்பில் முழுத்தொகுப்பையும் எடுத்து முடிப்பது எளிதே தவிர முறையன்று. படமெடுப்பதற்கு முன் கட்டுகளை ஒருமுறை புரட்டி, மையுள்ளவை, மையற்றவை, கலந்தவை என்று பட்டியலிட்டுக்கொள்ள வேண்டும். மையற்ற ஏடுகளுக்கு இரண்டாவது படம் உண்டு என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தால்தான் சேமிப்பகக் கணக்கும் நாள் கணக்கும் சரியாக வரும். மையற்ற ஏட்டுக்குப் புதிதாக மை பூசிப் படமெடுக்கலாமே என்பது ஒரு வாதம். மரபான முறை அது. பாதுகாப்பு வல்லுநர் உடனிருந்தால் செய்யத்தக்கதும்கூட. ஆயினும் பூசிய கரி, பூச்சி அரித்த தடங்களிலும் கீறல்களிலும் சேர்ந்து தங்கிவிடும். பூசுவதற்கு முன் ஒரு சாய்வொளிப் படமேனும் எடுத்து வைப்பது நல்லது.

சேமிப்பகக் கணக்கு

இருநூறு கட்டுகள், கட்டுக்குச் சராசரி நூற்றைம்பது ஏடுகள் கொண்ட ஒரு நடுத்தரத் தொகுப்பை மாதிரியாக வைத்துக்கொள்வோம். ஏடுகள் 30,000; பக்கங்கள் 60,000. சட்டகத்துக்கு ஐந்து ஏடுகள் எனில் 12,000 படங்கள். ஐந்தில் ஒரு பங்கு ஏடுகள் மையற்றவை என்று கொண்டு, அவற்றுக்குச் சாய்வொளியில் இன்னொரு படம் சேர்த்தால் 14,400 படங்கள்.

மேற்குறித்த கேமராவின் முழுச்சட்டகம் நிறத்துக்கு 8 பிட் அளவில் சுருக்கப்படாத டிஃப் கோப்பாக 136 மெகாபைட்; 16 பிட் அளவில் 273 மெகாபைட். பாதி இடத்தில் முடிவதை விட்டு இருமடங்கை ஏன் தெரிவு செய்ய வேண்டும்? 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகளே உள்ளன. புகையேறிக் கறுத்த ஏட்டில் எழுத்துக்கும் ஓலைக்கும் இடையிலான வேறுபாடு அவற்றுள் பத்துப் பதினைந்து படிகளுக்குள் அடங்கிவிடலாம். வாசிப்பவர் திரையில் அவ்வேறுபாட்டை விரித்துப் பார்க்கும்போது படம் திட்டுத்திட்டாக உடையும். 16 பிட்டில் 65,536 படிநிலைகளுக்கு இடமிருப்பதால் விரிக்க இடமுண்டு. ஏடு வெளிறி நன்றாக உள்ள தொகுப்புக்கு 8 பிட்டே போதும் என்பதையும் சொல்ல வேண்டும்.

16 பிட் எனில் 14,400 படங்களுக்கு 3.93 டெராபைட். கேமராவின் மூலக்கோப்பு ஒன்றுக்கு ஏறத்தாழ 50 மெகாபைட் வீதம் 0.72 டெராபைட். ஒவ்வொரு பக்கத்தையும் தனியே வெட்டி, பயன்பாட்டுக்கென உருவாக்கும் ஜேபெக் படம் ஒன்றுக்கு 3 மெகாபைட் வீதம் 60,000 பக்கங்களுக்கு 0.18 டெராபைட். மொத்தம் ஐந்து டெராபைட்டுக்குச் சற்றுக் குறைவு. மூன்று நகல்களுக்குப் பதினைந்து. செம்மைப்படுத்தும் பணிக்காலத்தில் இன்னும் ஐந்து டெராபைட் வெற்றிடம் வேண்டும். இது இன்று பெருந்தொகை கேட்கும் அளவன்று. ஆனால் ஒரு வன்தட்டை வாங்கி அலமாரியில் வைத்தால் முடியும் செயலும் அன்று.

ஜேபெக் வடிவத்தையே மூலமாக வைத்தால் இடம் மிச்சமாகுமே என்ற கேள்வி ஒவ்வொரு திட்டக் கூட்டத்திலும் எழும். ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. கண் எளிதில் உணராத நுண்வேறுபாடுகளைக் கைவிடுகிறது. 466 பிக்சல் படத்தில் 0.25 மில்லிமீட்டர் புள்ளியின் குறுக்கே நான்கைந்து பிக்சல்களே உள்ளன. ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும் அப்புள்ளியின் விளிம்பே கைவிடப்படும் நுண்வேறுபாடாக ஆகக்கூடும். பார்வைக்கும் பரவலுக்கும் ஜேபெக் தக்கது; சான்றுக்குத் தகாது.

கோப்புப்பெயரும் எழுத்துக் குறியீடும்

இவ்விடத்தில் தமிழ்த்துறையினரின் அறிவு நேரடியாக வேண்டப்படுகிறது. ஏட்டின் இடப்புற ஓரத்தில் தமிழெண்ணில் ஏட்டெண் இருக்கும். கட்டில் அவ்வேடு இன்று இருக்கும் இடம் வேறாக இருக்கலாம். இரண்டு நூல்களின் ஏடுகள் கலந்திருக்கலாம். ஒரே எண் இருமுறை வரலாம். கோப்புப்பெயரை ஏட்டெண்ணைக் கொண்டு அமைத்தால், எண் சிதைந்த ஏட்டுக்குப் பெயரே இராது. ஆகவே கட்டின் வரிசை எண், இன்றைய அடுக்கில் ஏட்டின் இடம், பக்கம் என்ற மூன்றை மட்டும் கொண்டு 0147_023_1 என்பது போல் பெயரிட்டு, ஏட்டில் எழுதப்பட்டுள்ள எண்ணை விவரத் தரவில் தனிக் களமாகப் பதிவது ஏற்றது. அடுக்கைச் சரிசெய்து நூலை மீட்டமைப்பது பிற்கால ஆய்வாளரின் பணி. படமெடுப்பவர் அதைச் செய்து வைத்தால், பழைய அடுக்கு தரும் சான்று அழிந்துவிடும். ஐந்து ஏடுகளை ஒரே சட்டகத்தில் வைக்கும்போது வரிசை மாறும் வாய்ப்பு மிகுதி. ஒவ்வொரு சட்டகத்திலும் எண் எழுதிய சிறு அட்டையை வைப்பதும், ஐந்தையும் ஒரே திசையில் புரட்டிய பின்பே மறுபக்கத்தை எடுப்பதும் எளிய காப்புகள்.

விவரத் தரவு ஒருங்குறியில் அமைய வேண்டும். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் உருவான அட்டவணைகள் பல, குறிப்பிட்ட எழுத்துருவோடு பிணைந்த குறியீடுகளில் உள்ளன. அவற்றை மாற்றும்போது எழுத்துத் திரிபு நேர்கிறது. ஒருங்குறியிலும் கவனம் தேவை. ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீட்டாலும், கொம்பு, கால் என்ற இரு குறியீடுகளாலும் எழுத முடியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தேடும் கணினிக்கு, இயல்பாக்கம் செய்யாவிடில், வேறுவேறு. ‘ஔ’ என்ற எழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்வதும், காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டுவதும் அட்டவணைகளில் காணும் பிழைகள். ஓலையில் கால், ரகர மயக்கத்தோடு போராடிய தமிழ், தட்டச்சில் மீண்டும் அதையே உருவாக்கிக்கொள்வது விந்தைதான். மருத்துவச் சுவடிகளிலும் கணக்கேடுகளிலும் வரும் மாகாணி, முந்திரி முதலான பின்னக் குறிகளுக்கு 2019இல் வெளிவந்த ஒருங்குறி 12.0 பதிப்பின் தமிழ்த் துணைத் தொகுதியில் இடங்கள் தரப்பட்டுள்ளன. அவற்றைக் காட்டும் எழுத்துரு திட்டக் கணினிகளில் நிறுவப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் பதிவாளர் தமக்குத் தோன்றிய குறியை இட்டு நிரப்புவார்.

படங்களை இணையத்தில் வழங்குவதற்கு 2011இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுப் படிம ஒத்தியங்கு சட்டகம் இன்று பரவலாகப் பின்பற்றப்படுகிறது. வெவ்வேறு நூலகங்களில் உள்ள ஒரே நூலின் சுவடிகளை ஒரே திரையில் அருகருகே வைத்து ஒப்பிட இது வழிசெய்கிறது. பாடவேறுபாடு தொகுப்போர்க்கு இதனினும் பயனுள்ள ஏற்பாடு வேறில்லை. சுவடி உரிமையாளரின் எழுத்துவழி இசைவை, எவ்வெவற்றை வெளியிடலாம் என்ற வரையறையோடு, படமெடுக்கும் முன்பே பெற்றிருப்பது இதற்கு இன்றியமையாதது; குடும்ப மருத்துவ ஏடுகளில் இது குறிப்பாகக் கருதத்தக்கது.

நகல்களும் பொறுப்பும்

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஓலைச்சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதவை அவற்றுள் இருந்தன. ஒரே கூரையின் கீழ் மூன்று நகல்கள் வைப்பது மூன்று நகல் வைப்பதாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா. மூன்று நகல்கள், இரு வகை ஊடகங்கள், ஒன்றேனும் வேறு ஊரில் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் குறைந்தபட்ச நெறி. கடலோர ஊரில் உள்ள நிறுவனம் தன் மூன்றாம் நகலைப் புயலும் வெள்ளமும் ஒரே நாளில் சென்று சேராத தொலைவில் வைப்பது நல்லது.

மேகச் சேமிப்பகத்தை மட்டுமே நம்பித் திட்டமிடுவோர் இணைய வேகத்தைக் கணக்கிட வேண்டும். நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் ஐந்து டெராபைட்டை ஏற்ற இடைவிடாமல் 23 நாள் ஆகும். மின்தடையும் இணைப்புத் தடையும் உள்ள ஊரில் அது இரண்டு மாதமாகவும் நீளலாம். அன்றன்று எடுத்ததை அன்றிரவே ஏற்றும் ஒழுங்கு இருந்தால் மட்டுமே இது இயலும். பல வன்தட்டுகளை இணைத்து ஒன்று பழுதானாலும் இயங்கும் வகையில் அமைக்கும் அடுக்குமுறை, பணி தடைபடாமல் காக்குமேயன்றிக் காப்புநகல் ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பு அங்கு எல்லாத் தட்டிலும் ஒருசேர அழியும். காந்த நாடா நீண்டகாலச் சேமிப்புக்கு ஏற்றது. ஒன்பதாம் தலைமுறை எல்டிஓ நாடா ஒன்று 18 டெராபைட் கொள்ளும். ஆயினும் எட்டாம், ஒன்பதாம் தலைமுறை இயக்கிகள் தமக்கு முந்தைய ஒரு தலைமுறை நாடாவை மட்டுமே படிக்கும். நாடா கெடாமல் இருக்க, அதைப் படிக்கும் கருவி இல்லாமல் போகக்கூடும்.

வன்தட்டைப் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கொள்வர். இரண்டாண்டு நல்கையில் நடக்கும் திட்டம் இரண்டாண்டுக்கே செலவுத்தாள் எழுதுகிறது. நான்காம் ஆண்டில் தட்டு மாற்றுவதற்குரிய தொகை எந்தத் தலைப்பிலும் இருப்பதில்லை. ஆய்வுத்திட்ட உதவியாளர் பணிக்காலம் முடிந்து சென்ற பிறகு கடவுச்சொல்லும் அவரோடு சென்றுவிடுகிறது. ஆகவே உட்கட்டமைப்பு என்ற தலைப்பில் கருவிகளோடு ஒரு பதவியையும் எழுத வேண்டும். துறை நூலகரோ சுவடிப் பிரிவின் நிலைப்பணியாளரோ அப்பொறுப்பை ஏற்கலாம். கோப்பு உருவான அன்றே ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்புத் தொகை கணக்கிட்டுத் தனிப்பட்டியலாக வைக்க வேண்டும். ஒரு பிட் மாறினாலும் அத்தொகை மாறும். ஆண்டுக்கு ஒருமுறை மூன்று நகல்களிலும் தொகையை மீளக் கணக்கிட்டு, மாறிய கோப்பை மாறாத நகலிலிருந்து நிரப்பி, நாளும் கையொப்பமும் இட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். இருப்புச் சரிபார்ப்பு நூலகங்களுக்குப் புதிதன்று. நூலுக்குச் செய்வதையே கோப்புக்கும் செய்யுமாறு பணிவிதியில் ஒரு வரி சேர்த்தால், திட்டம் முடிந்த பின்னும் அப்பணியைச் செய்வதற்குப் பெயர் சொல்லத்தக்க ஒருவர் இருப்பார்.